பாதிக் குளிசைகள்

பினாங்கில் இடியப்பத்தைச் சீனி போட்டுத் தின்கிறார்கள். இந்த ஊருக்கு வந்த புதிதில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது இதுதான். விடிந்ததும் மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, 'பாம் பாம்' என்று ஹார்ன் அடித்தபடி இடியப்பக்காரர் தெருவுக்குள் வருவார். இலைத்துண்டில் இடியப்பத்தை வைத்து, மேலே தேங்காய்ப்பூவையும் பழுப்புச் சீனியையும் தாராளமாகத் தூவி நீட்டுவார். நான் சொதியைத் தேடினேன், சம்பலைத் தேடினேன். "இதுக்குச் சீனிதான் அண்ணே. சாப்ட்டு பாருங்க லா," என்றார் அவர், ஏதோ பிள்ளைக்குச் சொல்வது மாதிரி. யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆம்பிளை ஒருவன் இடியப்பத்துக்குச் சீனி கேட்டால் காய்ச்சல்காரனோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். சில மாதம் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் பசி வந்தது, பத்தும் பறந்தது. அதன்பின் ஹார்ன் சத்தம் கேட்டால் பிள்ளைகளுக்கு முன்னே படியிறங்கி ஓடுகிறவன் நானாகத்தான் இருந்தேன்.

நான் இங்கே வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், கலியாணத்தால். மனைவி சரோஜா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தகப்பன் எனக்குத் தூரத்து மாமா, ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். எனக்கு வேலை தண்ணீருக்கு அப்பால், புக்கிட் தெங்காவில் உள்ள ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில். காலையில் பெர்ரி ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போகவேண்டும். பெர்ரி ஏறுமுன் பால் டின் கவிழ்த்த தே தாரிக் தேநீர் ஒன்று, வேலையிடத்தில் பத்து மணிக்கு இன்னொன்று, ரொட்டி சானாய் இரண்டு. சம்பள நாளில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் இறங்கி நாசி கண்டார். எல்லாக் குழம்பையும் வெள்ளம் மாதிரி ஊற்றச் சொல்லி, சோறு மிதக்க மிதக்கச் சாப்பிடுவது. வீட்டுக்கு வந்தால் சரோஜாவின் புட்டு. ஊரில் வயிற்றைப் பார்த்துச் சாப்பிட்டவன் இங்கே கண்ணால் சாப்பிடப் பழகினேன். ஆள் பார்க்க நன்றாகத்தான் இருந்தேன். ஊருக்கு அனுப்பிய படங்களில் என் கன்னங்கள் ஆண்டுக்கு ஆண்டு உப்பிக்கொண்டு வந்தன.

சென்ற வருடம் ஸ்டோரில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் எண்கள் மங்கத் தொடங்கின. வயது வந்துவிட்டது என்று நினைத்துக் கண்ணாடி வாங்கப் போனேன். கண்ணாடிக் கடைச் சீனர் ஒரு கண்ணாடியை மாட்டினார், இன்னொன்றை மாட்டினார், பிறகு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தாகம் எடுக்கிறதா, அடிக்கடி ஒன்றுக்குப் போகிறதா என்று கேட்டார். கண்ணாடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குக் கோபம். "கோ டெஸ்ட் பிளட் பர்ஸ்ட்," என்று என்னை வெறுங்கையோடு அனுப்பிவிட்டார். இப்படித்தான் கண்ணாடி வாங்கப் போனவன் வருத்தத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். கிளினிக்கில் மலாய் மிஸ்ஸி, நர்ஸை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதைக் 'கென்சிங் மானிஸ்' என்றாள். சரோஜா 'இனிப்பு நீர்' என்று சொல்லி அழுதாள். எங்கள் ஊரில் அதைச் 'சீனி வருத்தம்' என்போம். இன்னொரு பெயரும் உண்டு, பணக்கார வியாதி. எனக்கு உறைத்தது அந்தப் பெயர்தான். அப்போது ஊரில் சண்டையால் பாதை பூட்டியிருந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, சீனி கண்ணில் காண்பதற்கில்லை. உள்ளங்கையில் ஒரு கிள்ளு பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிக்கிறார்கள் என்று வருகிறவர்கள் சொன்னார்கள். என் கூடப்பிறந்த அக்கா அங்கே அப்படி இருக்க, சீனி கூடிப்போனதால் நான் இங்கே நோயாளி. இதை எந்த வாயால் ஊருக்குச் சொல்வது? சொல்லவில்லை.

காலையில் ஒரு குளிசை, சாப்பாட்டில் கவனம், மாதாமாதம் இரத்தம் பார்ப்பது என்று தொடங்கியது புது வாழ்க்கை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். என் விருந்து இருபது வருடம் ஓடியது, மருந்து சாகும்வரை என்றார் டாக்டர். மிஸ்ஸி கெட்டிக்காரி, ஆனால் அவளும் நானும் ஒரு விஷயத்தில் ஒருவரை ஒருவர் நன்றாக ஏமாற்றிக்கொண்டோம். "மாலாம் மாக்கான் நாசி?" என்று கேட்டாள். இரவில் சோறு சாப்பிடுகிறாயா என்பது கேள்வி. "தாக்," இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தான் இரவில் சோறு சாப்பிடுவதில்லை, இடியப்பமும் புட்டும்தான். "பாகுஸ்!" என்று பாராட்டினாள். இரண்டு மாதம் இந்தப் பாராட்டு நடந்தது, சீனி மட்டும் இறங்கவில்லை. மூன்றாம் மாதம் அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டு, சோறு இல்லையென்றால் வேறு என்னதான் சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். சொன்னேன். "அங்கிள்! ஈத்து தெப்போங் பெராஸ் லா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அது அரிசி மா என்பது எனக்குத் தெரியாமலா? தெரியும். ஆனாலும் அரிசி வேறு, இடியப்பம் வேறு என்றுதான் என் புத்தி பிறந்த நாளிலிருந்து நம்பி வந்திருக்கிறது.

அன்றிலிருந்து சரோஜா வீட்டில் ஆட்சியைப் பிடித்தாள். இடியப்ப உரல் அலுமாரிக்கு மேலே ஏறியது. லிட்டில் இந்தியாவில் கேழ்வரகென்று கேட்டுக் குரக்கன் மா தேடி வாங்கிக் களி கிண்டினாள். பாகற்காய், வெந்தயம், முருங்கையிலை என்று வீடே வைத்தியசாலை மாதிரி மணத்தது. காலைத் தேநீர் 'தே ஓ கோசோங்' ஆனது. பாலும் இல்லை, சீனியும் இல்லை. கோசோங் என்றால் வெறுமை. பெர்ரித் துறைக் கடைக்காரர் முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, வீட்ல சண்டையா?" என்று பரிதாபப்பட்டு, கேளாமலே ஒரு கரண்டி பாலை ஊற்றிக் கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் குடித்துவிட்டுப் பெர்ரி ஏறினேன். அக்கரை சேரும்வரை குற்றவாளி மாதிரி ஒரு மூலையில் நின்றேன். நாக்கு அப்படி, என்ன செய்ய?

இந்த நேரத்தில்தான் சிவபாக்கியம் மாமி வந்தார். ஊர் முறையில் மாமி, அக்காவுக்கு அடுத்த வீடு. மகளைப் பினாங்கில் கட்டிக் கொடுத்திருந்தார், மகளின் பிள்ளைப்பேறு பார்க்க வந்திருந்தார். களப்பைத் தோணியில் கடந்து, கொழும்பில் காத்துக் கிடந்து வந்த மனுஷி, அந்த அலைச்சலுக்குள்ளும் அக்கா தந்துவிட்ட பார்சலைப் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தார். பிரித்தால் உள்ளே பனையோலைக் குட்டான்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பனங்கட்டி. புகை மணத்தது. ஊரில் சீனி இல்லாத காலத்தில் அதை அக்கா எத்தனை நாளாகச் சேர்த்தாளோ தெரியாது. "ஐயோ மாமி, இவருக்கு..." என்று சரோஜா தொடங்கினாள். நான் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டு ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டேன். போய்ச் சொல்லும்போது, தம்பி ஆசையாய்ச் சாப்பிட்டான் என்று மாமி சொல்லவேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான். மாமி நான் மெல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்கிறவர்கள் குரலைத் தாழ்த்துவது மாதிரித் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தம்பி, உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவ. கொக்காவுக்குச் சீனி வருத்தம். கனகாலம். ஆசுபத்திரியிலை இப்ப குளிசையும் ஒழுங்காய் இல்லை. காலிலை ஒரு புண் வந்து ஆறாமல் கிடக்கு."

பனங்கட்டி என் வாய்க்குள்ளேயே இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தனக்கு ஆகாத இனிப்பை, கிடைக்காத இனிப்பை, அக்கா எனக்கென்று குட்டானில் கட்டி அனுப்பியிருக்கிறாள். எனக்கும் அது ஆகாது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாது. குரக்கனும் பனங்கிழங்கு ஒடியலும் கீரையும்தான் அங்கே அவளுடைய சாப்பாடாம். சரோஜா எனக்குக் கிண்டித் தரும் அதே சாப்பாடு. எனக்கு அதை டாக்டர் எழுதித் தந்தார், அவளுக்கு அதைப் பஞ்சம் எழுதித் தந்திருக்கிறது. எனக்கோ சாப்பாட்டோடு குளிசையும் கிடைக்கிறது. அதையும் வைத்துக்கொண்டு கடைக்காரர் ஊற்றிய பாலுக்கு நாக்கைத் தொங்கப்போட்டவன் நான்.

அம்மா கண்ணை மூடியபோது நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட, அன்றிலிருந்து சட்டி பானை அவள் கையில். ஐயாவுக்குப் போடுவாள், எனக்குப் போடுவாள், வந்தவர்களுக்குப் போடுவாள். நீயும் இரு என்றால், "நான் பிறகு சாப்பிடுறன்" என்பாள். அந்தப் 'பிறகு' எப்போது வந்தது, அவள் என்ன சாப்பிட்டாள் என்று நான் ஒருநாளும் எழும்பிப் போய்ப் பார்த்ததில்லை. சட்டி வழிக்கிற சத்தம் மட்டும் குசினியிலிருந்து கேட்கும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினேன். நினைக்கத்தான் செய்தேன், நினைப்பதற்கு என்ன செலவு? இங்கே வந்தபின் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சேலை அனுப்பினேன், பிள்ளைகளின் படங்களை அனுப்பினேன். அவளுக்கு என்ன வருத்தம் என்று மட்டும் கேட்டு எழுதவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மாமி, பேரப்பிள்ளையின் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடிந்து, இன்னும் கொஞ்சம் நாள் நின்று திரும்புவதாக ஏற்பாடு. அடுத்த நாள் காலை குளிசையைக் கையில் எடுத்தேன். அதன் நடுவே ஒரு கோடு இருக்கும். பெருவிரல் நகத்தை வைத்து அழுத்தினேன், 'டிக்' என்று இரண்டாக உடைந்தது. ஒரு பாதியை விழுங்கினேன். மறுபாதியை ஒரு சின்னப் பிஸ்கட் தகரப் பேணிக்குள் போட்டேன். அந்த நேரம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது! வருத்தம் பிடித்த நாளிலிருந்து அப்படியொரு நிம்மதி இருக்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, அக்காவும் நானும் ஒரே கோப்பையில் சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதன்பின் தினமும் உடைத்தேன். பேணி மெல்ல மெல்ல நிறைந்தது. எனக்குக் கண் மறுபடி மங்கியது, தாகம் திரும்பி வந்தது, மத்தியானத்தில் ஸ்டோர் பெட்டிகளில் சாய்ந்து தூங்கி விழுந்தேன். அதெல்லாம் எனக்குச் சரியாகவே பட்டது. விரதக்காரனுக்குப் பசி எப்படிப் பெருமையோ அப்படி.

கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது. மிஸ்ஸி திட்டினாள். வீட்டில் சரோஜா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உண்மைய சொல்லுங்க, எங்க போய் திங்கிறீங்க? நாசி கண்டாரா? இடியப்பமா?" ஆமாம் என்று தலையாட்டினேன். செய்யாத களவை ஒப்புக்கொள்வதும் அப்போது எனக்குப் பிராயச்சித்தத்தில் சேர்த்தியாகத்தான் இருந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டில் இருந்த சீனிப் போத்தலையும் பால் டின்களையும் அள்ளிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளையும் தன்னையும் சேர்த்துக் கோசோங்கில் இறக்கிவிட்டாள். அவளுக்கு இனிப்பென்றால் உயிர். நான் வெளியே தின்பதற்குத் தன் சமையல் ருசியில்லாததுதான் காரணம் என்று தன் தங்கையிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பேணி இன்னும் நிறையவில்லையே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மாமி புறப்படும் நாளில் பேணியைக் கொடுத்தேன். அவருடைய பையில் இடமே இல்லை. மருந்து என்றால் வழியெல்லாம் கேள்வி வேறு. "கொஞ்சம்தான் கொண்டுபோகலாம் தம்பி, கூடினால் பறிச்சுப்போடுவாங்கள்," என்றார். என் பேணிக்காகத் தன் பேரப்பிள்ளையின் படச்சட்டத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டு இடம் பண்ணினார். பேணியை அவர் திறந்து பார்க்கவில்லை, நானும் உள்ளே இருப்பது எப்படியானதென்று சொல்லவில்லை. அக்காவின் வருத்தம் எனக்குத் தெரிந்துவிட்டதென்று மட்டும் சொல்லச் சொன்னேன். என் வருத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

போன மாதம் மாமி திரும்பி வந்துவிட்டார். இனி அங்கே தனியே இருக்க ஏலாது, மகளோடேயே இருந்துவிடுகிறேன் என்று வந்திருந்தார். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். கையில் என்னுடைய பேணி. மேசையில் வைத்தபோது உள்ளே சலசலத்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

"கொக்கா திறந்து பாத்தவ," என்றார் மாமி. "எல்லாம் பாதி பாதி. கையிலை கொட்டிப் புரட்டிப் பாத்தா. பிறகு சொன்னா, கடைக்காரன் பாதி விக்கமாட்டான் மாமி, உது அவன்ரை வாய்க்குள்ளை போகவேண்டியது, அவனுக்கும் இருக்குப்போலை எண்டு. ஒண்டும் தொடேல்லை. எப்ப ஆர் போனாலும் குடுத்துவிட வேணுமெண்டு மூடி வைச்சிருந்தவ. நான் வாறனெண்டு கேள்விப்பட்டு, நொண்டி நொண்டி வந்து கையிலை தந்தவ. முதல் அவன் போடட்டும், நான் பிறகு போடுறன் எண்டு சொல்லச் சொன்னவ."

நொண்டி நொண்டி என்றால் என்ன என்று கேட்டேன். கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டார்களாம்.

சரோஜா பேணியை எடுத்துத் திறந்தாள். உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி உள்ளே பார்த்தாள். களவாகத் தின்றேன் என்று நான் தலையாட்டியது, அவள் அழுதது, பிள்ளைகள் வெறும் தேநீர் குடித்தது எல்லாம் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"சூலியா தெருவுல போய் நின்னா எத்தன பார்மசி இருக்கு? வாங்கி அனுப்பணும்னு உங்களுக்குத் தோணவே இல்லயா?"

"வாங்கி அனுப்பிறது... எப்பவும் வாங்கித்தானே அனுப்பினனான், சரோ."

"அதான். அக்காவுக்கு மருந்து போய்ச் சேரணும்னு நீங்க நெனைக்கல. உங்களுக்கு வலிக்கணும்னு நெனைச்சீங்க."

மாமி இருக்கிறார் என்றும் பாராமல் நான் அழுதேன். ஏனென்றால் அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்தச் சின்னப் பேணிக்குள் முழுக் குளிசைகளை நிரப்பியிருந்தால் அக்கா ஒன்றும் யோசித்திருக்க மாட்டாள். தம்பி அனுப்பினான் என்று சந்தோஷமாகப் போட்டிருப்பாள், புண் ஆறியிருக்கலாம். ஆறாமலும் போயிருக்கலாம், அது டாக்டர்மாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கு பிடித்துக் கொடுத்தவன் நான் என்பது. என் மனச்சாட்சியின் வயிற்றை நிரப்ப அவளுடைய மருந்தின் இடத்தை எடுத்துக்கொண்டேன். அவளோ பழக்கம் மாறாமல் எனக்குப் போட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்த நாளே சரோஜா தெரிந்த டாக்டர் ஒருவரைப் பிடித்து, அக்காவின் வயதையும் நிலையையும் சொல்லி, எழுதி வாங்கி, முழு அட்டைகளாகக் குளிசையும் புண்ணுக்குரிய மருந்தும் வாங்கினாள். கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினோம். அவை கொழும்பு வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று செய்தி வந்தது. அதற்கப்பால் பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் இப்போது தினமும் காலையில் முழுக் குளிசை போடுகிறேன், சரோஜா முன்னால் நின்று பார்க்கிறாள். சீனி இறங்கியிருக்கிறது. மிஸ்ஸி "பாகுஸ்" என்கிறாள், இந்த முறை ஏமாற்று இல்லை. இடியப்பக்காரரின் ஹார்ன் கேட்கும்போது சன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

பழைய பேணியைக் குப்பையில் போடச் சொல்லித்தான் மிஸ்ஸியும் சொன்னாள், சரோஜாவும் சொல்கிறாள். கடலைத் தாண்டி, களப்பைத் தாண்டி, அக்காவின் கையில் இருந்துவிட்டு வந்ததை எப்படிப் போட? நேற்று ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம் மேசையில் பழைய பேப்பரை விரித்துப் பேணியைக் கவிழ்த்தேன். ஒரு பாதியை எடுத்து இன்னொரு பாதியோடு வைத்துப் பொருத்திப் பார்த்தேன். விளிம்பு சேரவில்லை. வேறொன்றை எடுத்தேன், அதுவும் சேரவில்லை. வெயில் சன்னலைத் தாண்டிப் போகும்வரை பொருத்திக்கொண்டே இருந்தேன். பிறகுதான் என் மண்டைக்கு உறைத்தது. பேணிக்குள் இருப்பவை எல்லாம் அக்காவின் பாதிகள். என் பாதிகளை நான் அந்தந்தக் காலையிலேயே விழுங்கிவிட்டேன்.